ஷூவுக்குள் மெட்டி

சுந்தரராமனைப் போல ஒரு கஞ்சனை நான் பார்த்ததே இல்லை. காசு விஷயத்தில் தாராளம்தான். எடை விஷயத்தில்தான் கஞ்சத்தனம். எங்கள் மலையேற்றக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டுத்தான் பையில் வைப்பார். பனியனுக்குள் தைத்திருக்கும் கம்பெனி லேபிளைக்கூட பிளேடால் நறுக்கி எறிவார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் பெங்களூர் கப்பன் பார்க்கில் எங்களைக் கூட்டி, பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த ஸ்பிரிங் தராசை ஒரு மரக்கிளையில் தொங்கவிட்டு, அவரவர் பையை மாட்டி நிறுத்துப் பார்ப்பார். முள் கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் போச்சு. அத்தனை பேர் முன்னாலும் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் நவம்பரில் என் பையையும் அப்படித்தான் கொட்டினார்.

"இது எதுக்கு?" என்று மூன்றாவது ஜோடி சாக்ஸைத் தூக்கிக் காட்டினார். "ஒரு ஜோடி கால்ல, ஒரு ஜோடி காயறதுக்கு. அவ்வளவுதான். தேவையில்லாததை எல்லாம் வீட்டுல எறக்கி வச்சிட்டு வாங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

அவர் அடுத்தவர் பையிடம் நகர்ந்ததும் அந்த சாக்ஸை எடுத்து மறுபடி உள்ளே திணித்தேன். ஒன்றை வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் அது எனக்கு வேண்டும் என்று தோன்றும். பிறவிக் குணம், என்ன செய்ய. பக்கத்தில் நின்ற டோரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அல்சூர் பள்ளிக்கூடத்து டீச்சர் அவள். என்னை இந்தக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தவளே அவள்தான்.

திரும்பி வந்த சுந்தரராமன் இந்த முறை பையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"அனந்தலக்ஷ்மி, சாவனதுர்கா ஞாபகம் இருக்கில்ல?"

இல்லாமலா? போன மாதம் சாவனதுர்காவின் பாறையில் ஏறும்போது நான்தான் முன்னால் போனேன். இறங்கும்போதுதான் வினை. இறக்கத்தில் கால் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். விரல்கள் போய் முட்டும். என் இரண்டாவது விரலில் மெட்டி. ஒவ்வொரு அடிக்கும் அந்த வெள்ளி வளையம் சதையைக் கடித்தது. பாதி வழியில் விரல் வீங்கிவிட்டது. டோரதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக, ஒரு கிழவியைப் போல இறங்கினேன். இரண்டே வாரத்தில் நகம் கறுத்து விழுந்தது.

"இப்ப போற குமார பர்வதம் எறக்கம் அதைவிட மோசம்" என்றார் சுந்தரராமன். "யார் தோளையும் பிடிக்காம உன் கால்லயே எறங்கி வந்தேன்னா மே மாசம் இமயமலைக்கு உன் பேரு உண்டு. இல்லைன்னா கெடையாது. மேல போனப்புறம் உன்னைத் தூக்கிக்கிட்டு எறங்க என்னால ஆகாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் பனியை ஃபிரிட்ஜின் ஃப்ரீசருக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதைக் காலால் மிதிக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. பயணம் என்றாலே எங்கள் வீட்டில் மூன்று சூட்கேஸ், ஒரு கூஜா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தலையணை. என் ஒரு வாரத்து வாழ்க்கையை என் முதுகிலேயே சுமந்து நடக்க முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கிறுக்கு. அதை ஒரு விரல் வளையம் வந்து தடுப்பதா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு மெட்டியையும் கழற்றினேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் தடவை. விரலைச் சுற்றி வெளுப்பாக ஒரு கோடு. மெட்டியை ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தேன்.

விளக்கேற்ற வந்த மாமியார் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா இது என்னடி இங்க கெடக்குது?"

"ஷூக்குள்ள கடிக்குது அத்தை. திங்கக்கிழமை காலையில வந்து போட்டுக்கறேன்."

"கடிச்சா பொறுத்துக்கணும். நாங்கல்லாம் போடலியா?"

"நீங்க ஷூ போட்டுக்கிட்டு மலையில இருந்து எறங்கலியே."

"அப்ப செருப்பு போட்டுக்கிட்டுப் போ. அவனவன் மலைக்கு வெறுங்கால்லயே போறான்."

"அது படிக்கட்டு இருக்கற மலை அத்தை. இது காடு. அட்டை ஏறும்."

"இன்னைக்கு மெட்டி. நாளைக்கு என்ன, தாலியா?"

"தாலி ஷூக்குள்ள போகாதே அத்தை."

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வாயில் வந்துவிட்டது. அத்தையின் குரல் ஏறியது. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவின் அகலமே ஒரு ஆட்டோ திரும்புகிற அகலம். ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். எதிர்வீட்டு லட்சுமம்மா கதவைத் திறந்து வந்து நேராக என் காலைத்தான் பார்த்தார். "ஏனம்மா, காலுங்குர எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார். மெட்டி எங்கே என்று. என் கால்விரல் மொத்தத் தெருவுக்கும் சொந்தமாகிவிட்டது.

"நல்லா கேளு லட்சுமம்மா!" என்றார் அத்தை. "மெட்டி எதுக்குப் போடறோம்? புருஷன் உசிருக்கு. இவளுக்கு என் புள்ள உசிரு பெருசில்ல, மலைதான் பெருசு!"

என் கணவர் கணேசமூர்த்தி பீன்யாவில் மெஷின் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்து, என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷர். ஆனால் சண்டை என்றால் தலைவலி மாத்திரை தேடுகிற ரகம்.

"அனந்தி, இப்ப போட்டுக்கிட்டுப் போயேன். பஸ்ல ஏறினதும் கழட்டிக்கோ. அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாம கழட்டறதுக்கு நான் என்னங்க, திருடியா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமேன்னு சொன்னேன்."

"மூணு வருஷமா எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன். இந்த ஒரு விரலை விட்டுடுங்க."

வாசலில் டோரதி ஆட்டோவோடு வந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். போயிட்டு வரேன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சனிக்கிழமை காலை குக்கே சுப்ரமண்யாவில் இறங்கினோம். மலையடிவாரத்தில் கோயில் ஊர். தெரு நெடுக பூக்கடையும் எஸ்டிடி பூத்தும்தான். வந்து சேர்ந்ததைச் சொல்லலாம் என்று ஒரு பூத்துக்குள் நுழைந்து வீட்டுக்கு டயல் செய்தேன். மற்றவர்கள் வெளியே பையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைதான் எடுத்தார். எடுத்ததுமே அழுகை.

"போனியேடி மகராசி! என் புள்ள ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து கை ஒடைஞ்சு கெடக்கறான்டி! நீ கழட்டி வச்சுட்டுப் படியெறங்கின, அவன் ரோட்டுல கெடந்தான். நான் சொன்னேனா இல்லியா? சொன்னேனா இல்லியா?"

பூத்தின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன்: அந்தக் கணத்தில் நானும் நம்பினேன். எல்லாம் நான் செய்ததுதான் என்று எனக்குள் ஏதோ ஒன்று ஊளையிட்டது. படிப்பு, வாய், திமிர் எதுவும் உதவிக்கு வரவில்லை.

"அங்க கோயில் ஊருதான? கடையில மெட்டி விப்பான். வாங்கிப் போட்டுக்கோ. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து சேரு."

எதிர்க்கடையில் சிவப்புத் துணியில் வரிசையாக மெட்டி குத்தி வைத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பளபளத்தன. என் பை பூத்துக்கு வெளியே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கும் பிறகு பஸ்ஸுக்கும் போக வேண்டியதுதான் பாக்கி.

"எங்க அத்தை விழுந்தாரு?" என்றேன்.

"கார்ப்பரேஷன் சர்க்கிள்ல."

எனக்குள் கேட்ட ஊளை அப்படியே நின்றது. நான் கிளம்பும்போது அவர் ஷிஃப்ட் முடிந்து, கைலி மாற்றிக்கொண்டு, வீட்டில் இருந்தார். கார்ப்பரேஷன் சர்க்கிள் எங்கே, ஜோகுபாளையம் எங்கே?

"அந்நேரத்துல அங்க எதுக்குப் போனாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். மூன்று வருஷத்தில் என் மாமியார் குரல் இப்படி இறங்கி நான் கேட்டதில்லை. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"அத்தை. அவர்கிட்ட போனைக் குடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது. "ஒண்ணும் பயப்படாத அனந்தி. இடது கைதான். கட்டு போட்டுட்டாங்க."

"எங்க போயிட்டிருந்தீங்க?"

"மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு."

"எதுக்கு?"

மென்று முழுங்கினார். "அம்மா குடுத்து விட்டாங்க. உன் மெட்டியை. பஸ் கெளம்பறதுக்குள்ள உன் கால்ல போடச் சொல்லுடான்னாங்க. சட்டைப் பையில வச்சிருந்தேன். மழை. பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. மெட்டி விழுந்துடுச்சோன்னு ஒரு கையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். அதுல ஸ்லிப் ஆயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது பாருங்கள், உள்ளங்காலில் இருந்து.

"அப்ப நான் கழட்டினதால நீங்க விழல. அதைத் தூக்கிக்கிட்டு வந்ததால விழுந்தீங்க."

"ஆமாம்னுதான் வை."

"வைக்கறதுக்கு என்ன இருக்கு? அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது..."

"சரி, கேளுங்க. ரொம்ப வலிக்குதா? வலிச்சா சொல்லுங்க, இப்பவே பஸ் ஏறறேன். வலிக்காக வருவேன். மெட்டிக்காக வரமாட்டேன்."

அவர் பக்கத்தில் அத்தை நிற்பது எனக்குத் தெரியும்.

"வலி இருக்குது" என்றார். "நீ வந்தாலும் அது குறையாது. நீ ஏறு."

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்த டோரதி, "நானும் உன்கூடத் திரும்பிடறேன்டி, வா" என்றாள். சுந்தரராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல பிரச்சனைன்னா போம்மா, தப்பே இல்ல" என்றார்.

"பையைத் தூக்கி விடுங்க சார்" என்றேன்.

குமார பர்வதத்தை வர்ணிக்க நான் வரவில்லை. காடு முடிகிற வரை அட்டை. உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து கணுக்காலில் தேய்த்துக்கொண்டே போனோம். அப்புறம் முழங்கால் உயரப் புல், நிழல் என்று பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கயிற்றில் இழுத்துக் கட்டி அதன் கீழே சுருண்டோம். மழை பெய்தது. ஃபிலிம் ரோல் டப்பாவில் அடைத்து வந்த தீப்பெட்டிக் குச்சி மட்டும் நனையாமல் இருந்ததால் டீ கிடைத்தது. ஏறுகிற போதெல்லாம் கணவரின் கை ஞாபகம்தான். அதோடு சேர்த்து அந்தச் சட்டைப் பையும் ஞாபகம் வரும். உடனே வேகமாக நடப்பேன்.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்னால் உட்கார்ந்து நகங்களை ஒட்ட வெட்டினேன். ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினேன், கால் முன்னால் வழுக்காமல் இருக்க. முதல் பாறையில் இறங்கியபோது பயந்துகொண்டே விரலை மடக்கினேன். ஒன்றும் இல்லை. கடிக்கவில்லை. அடுத்த அடி. ஒன்றும் இல்லை. எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளும் என் காலில் குறை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! மழையில் புல் வழுக்கியது, இரண்டு தடவை பின்பக்கமாக உட்கார்ந்தேன். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு நடந்தேன். யார் தோளும் தேவைப்படவில்லை.

பாதி வழியில் சுந்தரராமன் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு ஜோடி சாக்ஸும் நனைந்துவிட்டன. குதிகாலில் கொப்புளம். நான் பையிலிருந்து மூன்றாவது ஜோடியை எடுத்து நீட்டினேன். என்னைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார், வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடிவாரத்தில் நான் முதல் ஆளாக நின்றேன். நொண்டிக்கொண்டே வந்த சுந்தரராமன், "மே மாசத்துக்கு லீவு எழுதிக் குடுத்துடு" என்றார்.

திங்கட்கிழமை காலை வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார். கையில் மெட்டி. எனக்கு முன்னாலேயே லட்சுமம்மா அவர் வாசலில் ஆஜர். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுக்கொள்கிற எண்ணத்தில்தான் வந்தேன். திங்கட்கிழமை போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான்தானே.

"போட்டுக்கிட்டு உள்ள வா" என்றார் அத்தை, தெருவுக்கே கேட்கும்படி. "இவ கழட்டினா, என் புள்ள கை ஒடைஞ்சுது. இனிமே இந்தப் படிய மெட்டி இல்லாம தாண்டக் கூடாது."

அவ்வளவு போதும் எனக்கு. மெட்டியை வாங்கினேன். காலில் போடவில்லை. அப்படியே உள்ளே நடந்தேன். கணவர் நாற்காலியில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். "கை எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றார். தரையில் உட்கார்ந்து அவர் வலது காலை இழுத்து மடியில் வைத்து, மெட்டியின் வாயைக் கொஞ்சம் அகட்டி, இரண்டாவது விரலில் மாட்டி அழுத்தினேன்.

"கூசுதுடி" என்றார்.

"என்னடி பண்ற! ஆம்பளைக்குப் போயி!" என்று அத்தை ஓடி வந்தார்.

"அவர் உசிருக்குத்தானே அத்தை போடறது? அவர் கால்லயே இருக்கட்டும். இனிமே யாரும் மழையில தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதில்ல." அடுத்த காலையும் இழுத்து மாட்டினேன்.

"கழட்டுடா மூர்த்தி!"

அவர் தன் கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு அம்மாவைப் பார்த்து, முதல் தடவையாக, மாத்திரை தேடாமல் பேசினார். "இருக்கட்டும்மா. நான் விழுந்தது இதைத் தடவிப் பார்த்துத்தான். மூணு வருஷமா அவ எனக்காகப் போட்டா. எனக்காக நான் ஒரு வாரம் போட்டுக்கறேன்."

எதிரில் லட்சுமம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தார். கேட்டது.

மறுநாள் லீவு போடச் சொன்னேன். ஃபேக்டரியில் ஆடிட், போயே ஆக வேண்டும் என்றார். ஷாப் ஃப்ளோரில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ கட்டாயம். ஒற்றைக் கையால் அவருக்குப் போட வராது. நான் அசையவில்லை. அத்தைதான் முணுமுணுத்துக்கொண்டே மெட்டிக்கு மேல் சாக்ஸை மாட்டி, ஷூவில் காலை நுழைத்து, கயிற்றைக் கட்டி அனுப்பினார். "கழட்டிடுடா" என்று அப்போதும் கேட்டுப் பார்த்தார். என் கணவரும் வீம்புக்காரர் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. நாள் முழுக்க மெஷினுக்கு மெஷின் நின்றிருக்கிறார். வந்த வேகத்தில் நாற்காலியில் விழுந்து இரண்டு காலையும் நீட்டினார்.

"அம்மா! சீக்கிரம் கழட்டும்மா! உசிரு போகுது!"

அத்தை அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அத்தையே தரையில் உட்கார்ந்து ஷூவை இழுத்தார். சாக்ஸை உரித்தார். விரல் சிவந்து புடைத்து, வெள்ளி அதற்குள் புதைந்திருந்தது. சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, விரலைச் சுற்றித் தடவி, மகன் பல்லைக் கடித்துக்கொண்டு முனக முனக, ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு அந்த விரலில் பதிந்திருந்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை என் காலைப் பார்த்தார், நகம் விழுந்த விரலை.

மெட்டியைத் துடைத்தார். என் பக்கம் நீட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார். நானும் கேட்கவில்லை.